அகராதி சொன்ன அர்த்தம்

அவருக்கு அகராதி என்று பெயர் வைத்தது இரண்டு கோஷ்டி. மோட்டார் சைக்கிள்காரன் எந்தப் பாஷையில் உளறினாலும் இந்த மனுஷனிடம் அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று மெச்சி வைத்தது ஒரு கோஷ்டி. 'சரியான அகராதி பிடிச்ச ஆளுப்பா' என்று கடுப்பில் வைத்தது இன்னொன்று. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அவருடைய மனைவி தன்னை இரண்டாவது கோஷ்டியில்தான் சேர்த்துக்கொள்வாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் வேலை பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு மர மேஜை. அதற்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று கத்தும் ஜனங்கள். யாருக்கும் பார்ட்ஸின் பெயர் தெரியாது. நோவை மட்டும் சொல்வார்கள்.

"அண்ணே, வண்டி தலைய ஆட்டுது."

"கோன் செட்டு."

"காலையில எழுப்பினா இருமுதுண்ணே. அப்புறம் சரியாப் போயிடுது."

"பிளக்கு. முதல்ல கழட்டித் தொடைச்சுப் பாரு. அப்பவும் இருமினா வா, தர்றேன்."

ஒருமுறை ஒரு பெரியவர் வந்து பேச்சே இல்லாமல் வாயால் 'க்ர்ர்ர்ட், க்ர்ர்ர்ட்' என்று மட்டும் சத்தம் போட்டுக் காட்டினார். அகராதி திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல்தட்டிலிருந்து ஒரு டைமிங் செயினை எடுத்து வைத்தார். அதை வாங்கிப்போன பெரியவர் பத்து நாள் கழித்து வந்து கும்பிடு போட்டார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அகராதி தன் மனைவியின் காதைப் புண்ணாக்கிவிட்டார் என்றால் மிகையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் சேர்ந்து ஊரை விட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவர் தபால்காரர்; வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசியில் போகிறவர் அகராதி. கடைசி வண்டிக்கு 'வால்' என்று பெயர். வால் யாரையும் முந்தக் கூடாது. யாராவது நின்றால் அவரோடு நிற்க வேண்டும். மருந்துப் பெட்டியும் ஸ்பேனர் பையும் வாலிடம்தான் இருக்கும். எல்லார் ஹெல்மெட்டுக்குள்ளும் பேசுகிற கருவி ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். முழு வாக்கியத்துக்கு அங்கே நேரம் இல்லை என்பதால், அவர்களுக்குள் ஒரு பாஷை தானாக வளர்ந்திருந்தது. சாலையில் மணல் கிடந்தால் 'பவுடர்'. எச்சரிக்கைப் பலகை இல்லாத வேகத்தடைக்கு 'மாமியார்'. எதிரில் வரும் லாரி காதை உரசிக்கொண்டு போனால் 'சலூன்'. வளைவில் வண்டியைச் சாய்த்து அழகாகத் திரும்பினால் 'படுத்துட்டான்'. இதில் கடைசியாகச் சொன்னதுதான் அவர்களுக்குள் பெரிய பட்டம். தபால்காரர் ஒருவனைப் பார்த்துப் 'படுத்துட்டான்யா' என்றால் அவன் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடப்பான்.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை இருந்தது. 'விழு' என்பதை வண்டியில் இருக்கும்போது யாரும் எந்த வடிவத்திலும் சொல்லக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒருவன் 'பாத்துடா, விழுந்துடப்போறே' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தபால்காரர் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அன்றைக்கு வந்த தடை. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் 'முத்தம் குடுத்துட்டான்' என்று சொல்ல வேண்டும். வயது வந்த எட்டு ஆண்கள் இதை வேதம் மாதிரிக் கடைப்பிடித்தார்கள்.

அந்த எட்டுப் பேரில் இளையவன் அகராதியின் மைத்துனன். மனைவியைவிடப் பதினான்கு வயது சின்னவன். தாய் போன பிறகு அக்காள்தான் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினாள். கல்யாணமாகி வந்தபோதும் அவனைக் கையோடு கூட்டி வந்தாள். தங்களுக்கென்று பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவனே பிள்ளையாக இருந்தான். கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னல் கண்ணாடியை ஒரே கோட்டில் அறுத்து, ஒரே தட்டில் உடைப்பான். வாய் மட்டும் ஓயாது. சாப்பிடும்போதும் பேச்சு, பல் தேய்க்கும்போதும் பேச்சு. "இவன் வாய்க்கு ஒரு சைலன்ஸர் மாட்டுங்களேன்" என்று அக்காள் கெஞ்சுவாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமாதான். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. "நான் வாலுல இருக்கேன்ல, அவன் எப்பவும் என் கண்ணு முன்னாடிதான் போவான்" என்று சொல்லித்தான் அவர் சம்மதம் வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்பதாவது ஆள் ஒருவர் வந்தார். மருந்துக்கடைக்காரர், நாற்பது வயது, மரியாதையான மனிதர், சொன்ன பேச்சைத் தட்டாதவர். அவருக்குப் பாஷை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வழக்கம்போல அகராதிக்கு வந்தது. பெட்ரோல் பங்கு வாசலில் நின்றபடி பவுடர், மாமியார், சலூன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முக்கியமா ஒண்ணு. 'விழு'ங்கிற வார்த்தை வாயில வரவே கூடாது. சொன்னீங்கன்னா தபால்காரர் அடுத்த வாரம் உங்களச் சேத்துக்க மாட்டாரு" என்றார். "அப்போ அதுக்கு என்ன சொல்றதுண்ணே?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அதற்குள் முன்னால் ஹாரன் அடித்துவிட்டார்கள். "மீதிய டீ குடிக்கறப்போ சொல்றேன், கிளம்புங்க" என்று அகராதி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில், ஊருக்கெல்லாம் செயின் விற்கிறவரின் வண்டியிலேயே செயின் கழன்றது. ஓரம் கட்டினார். "செயின் கழண்டுடுச்சு, போய்க்கிட்டே இருங்க, பிடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கருவிக்கு எட்டாத தூரம் போனார்கள். மைத்துனனும் மருந்துக்கடைக்காரரும் மட்டும் அவருக்காக மெதுவாகப் போனதால், அடுத்த இரண்டு வளைவுக்குள் இருந்தார்கள்.

கை பூராவும் கிரீஸாக இருந்தபோது காதுக்குள் குரல் வந்தது.

"அண்ணே, தம்பி படுத்துட்டாரு."

அகராதிக்குச் சிரிப்பு வந்தது. பயல் ரொம்ப நாளாக முயற்சி செய்துகொண்டிருந்தான். இன்றைக்குப் புது ஆளுக்கு முன்னால் வளைவில் நன்றாகச் சாய்த்துக் காட்டியிருக்கிறான், புது ஆளும் அதற்குள் பாஷையைப் பிடித்துக்கொண்டாரே என்று நினைத்தார்.

"படுக்கட்டும், படுக்கட்டும்" என்றார் சிரித்துக்கொண்டே. "நல்லாப் படுக்கட்டும்!"

"சரிண்ணே. நீங்க வாங்கண்ணே."

"வர்றேன் வர்றேன்."

விழு என்று சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மரியாதையான மனிதர் பதற்றத்திலும் தடையை மீறாமல், கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்த தமிழில் சொன்னார். பையன் மைல்கல்லுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான். 'படுக்கட்டும்' என்று பதில் வந்ததும், அடிபட்டவனை அசைக்காதே என்று அனுபவஸ்தர் உத்தரவு போடுகிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார். போனில் சிக்னல் இல்லை. அகராதி செயினை மாட்டி, இழுவை சரிபார்த்து, கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்துவிட்டு வந்து சேரப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் எதிரில் வந்த வேனை மறித்தார்கள்.

"தலைக்குள்ள ரத்தம் கட்டினா ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்தான்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "ஆனா பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

யாராலும் சொல்ல முடியாது என்பதை அகராதி பிடித்துக்கொண்டார். மனைவியிடம், செயின் கழன்றதால் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. செயின் கழன்றால் யார்தான் என்ன செய்ய முடியும்?

பையன் பிழைத்தான். வலது கை, வலது கால் விளங்காமல் போயின. பேச்சும் போயிற்று. ஆறாவது வாரம் ஒரு மத்தியானம், மனைவி வார்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "ஏங்க, பேசிட்டான்! தம்பி பேசிட்டாங்க!" ஆறு வாரத்தில் அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். அகராதி உள்ளே போனார். கட்டிலில் சாய்ந்திருந்தவன் அவர் முகத்தையே பார்த்தான்.

"படுக்கட்டும், படுக்கட்டும்" என்றான். "நல்லாப் படுக்கட்டும்."

அது அவன் குரல்தான், ஆனால் இழுப்பும் சிரிப்பும் அவருடையவை. அந்தப் பதினொரு நிமிஷத்தை இரண்டு பேர்தான் அறிவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாலையில் கிடந்தவனின் தலையிலும் ஹெல்மெட் இருந்தது, அதற்குள்ளும் கருவி இருந்தது என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. கை கால் அசையாமல் கிடந்தபடி மாமா சிரிப்பதைக் கேட்டிருக்கிறான்.

"என்னங்க சொல்றான்? உங்களுக்குப் புரியுதா?"

எந்தச் சத்தத்துக்கும் அர்த்தம் சொல்கிறவர் கட்டிலின் கைப்பிடியைப் பார்த்தார்.

"படுக்கணும்கிறான்."

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிப் படுக்க வைத்தார்கள். பையன் இடது கையால் மெத்தையை அடித்தான். "சந்தோஷத்தப் பாரேன்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு வார்த்தைகளும் வரத் தொடங்கின. ஆனால் எல்லாம் வண்டி வார்த்தைகள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "சரக்கெல்லாம் உள்ளேயே இருக்கு. தட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்றாள். அது அகராதிக்குச் சட்டென்று புரிந்தது. முதல் நாள் பையன் காலையிலிருந்து 'ரிசர்வ், ரிசர்வ்' என்று அனத்திக்கொண்டிருந்தான். அக்காள் தண்ணீர் காட்டினாள், விசிறினாள், திருப்பிப் படுக்க வைத்தாள், ஒன்றும் எடுபடவில்லை. மத்தியானம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "டேங்க் காலிங்கிறான். பசிக்குதும்மா அவனுக்கு" என்றார். ஒரு தட்டு சோறு உள்ளே போனது. 'சோக்' என்றால் குளிர். 'பஞ்சர்' என்றால் வலி. 'இண்டிகேட்டர்' என்பது புரிய இரண்டு நாளும் மூன்று படுக்கைவிரிப்பும் ஆயின. "திரும்பறதுக்கு முன்னாடி போடறதும்மா அது. ஒண்ணுக்கு வருதுன்னு அவன் முன்கூட்டியேதான் சொல்றான், நாமதான் பேசின் எடுத்துட்டு ஓடல" என்று அவர் சொன்னபோது அவள் சிரித்தேவிட்டாள். அந்த வீட்டில் அபூர்வமாகக் கேட்ட சிரிப்பு அது.

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். "நீங்க இல்லேன்னா இவன் என்ன கேக்கறான்னே எனக்குத் தெரியாது" என்று ஒருநாள் சொன்னாள். இருபது வருஷம் கழித்து முதல் கோஷ்டிக்கு மாறியிருந்தாள்.

ஆனால் ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை பையன் அந்த முதல் வார்த்தையைச் சொல்வான். அவர் கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்வான். சொன்னவுடன் அக்காள், வாடகைக்கு எடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றுவாள். கட்டிலின் தலைப்பக்கம் கிரீச்சிட்டுக்கொண்டே இறங்கும். அவன் இடது கையால் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்ப்பான், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். கண் ஓரத்தில் நீர் இறங்கும். "வலிக்குது போல, பாவம்" என்று அவள் துடைத்துவிடுவாள். முதுகில் புண் வந்தது. அவன்தான் படுக்கணும் படுக்கணும் என்கிறானே, என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் அவள் தாங்க மாட்டாள், அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று அகராதி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குப் பயம் என்று பெயர். அந்த அர்த்தம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

எட்டாவது மாதம் ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தார். வண்டியை விற்றுவிட்டாராம். புண்ணுக்குத் தடவ ஒரு களிம்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்தார். பையன் அவரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். மூச்சு வேகமாயிற்று.

"படுக்கட்டும், படுக்கட்டும். நல்லாப் படுக்கட்டும்."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது.

"ஆள் வந்தா இவனுக்குக் கூச்சம்" என்றபடி அக்காள் கைப்பிடிக்குக் குனிந்தாள்.

"இது... இது எப்பலேர்ந்து சொல்றாருக்கா?"

"வந்த முதல் வார்த்தையே இதுதான்."

"சொன்னா உடனே படுக்க வெச்சிடுவீங்களா?"

"ஆமா. இவரு சொல்லித்தான் எனக்கே தெரியும்."

கட்டில் இறங்கியது. மருந்துக்கடைக்காரர் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அகராதி பின்னாலேயே போனார். தெருவில் வைத்து அந்த மனிதர் திரும்பினார். முகம் கோணிப்போயிருந்தது.

"நான்தாண்ணே தப்பாச் சொன்னேன். எம்மேலயே போட்டுச் சொல்லுங்க, பரவால்ல. ஆனா அந்தக் கட்டில இனிமே இறக்க விடாதீங்க."

அகராதி உள்ளே வந்தபோது மனைவி அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். எதையும் மருந்துக்கடைக்காரர் மேல் போடவில்லை. அந்த மட்டுக்கும் அவர் யோக்கியமாக இருந்தார். பெட்ரோல் பங்கு வாசலில் பாதியில் விட்டதைச் சொன்னார். செயினைச் சொன்னார். காதில் வந்த குரலையும், தான் சொன்ன பதிலையும், அதே வார்த்தைகளில் சொன்னார்.

அவள் குழாயை மூடினாள்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துருக்கு. அதத்தான் திருப்பிச் சொல்றான்."

"படுக்கணும்னு கேக்கலியா அவன்?"

"இல்ல."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி சுற்றிச் சுற்றி வலது கையில் காய்ப்பு ஏறியிருந்தது. அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டுவாள், கையில் இருப்பதை எறிவாள் என்றுகூட எதிர்பார்த்தார். அதற்கெல்லாம் அவர் தயாராக இருந்தார்.

"அப்போ மத்ததுக்கெல்லாம் நீங்க சொன்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"மத்ததெல்லாம் நெசம்மா. சத்தியமா நெசம்."

"அத யாரு சொல்றது? நீங்கதானே?"

அவள் அறைக்குள் போனாள். கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கட்டிலை நிமிர்த்தினாள். முடிந்த மட்டும் நிமிர்த்தினாள். ஸ்டூலைத் தம்பியின் முகத்துக்கு நேரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுடா. என்ன வேணும்? எங்கிட்டயே சொல்லு."

பையன் அவளைப் பார்த்தான்.

"கிளட்ச்" என்றான்.

இதுவரை அவன் சொல்லாத வார்த்தை. அவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். "கிளட்ச்." அவள் தலையணையைத் தொட்டாள், ஜன்னலைக் காட்டினாள், பேசினைக் காட்டினாள். அவன் இடது கையை விரித்து, மெல்ல மூடி, மறுபடி விரித்தான்.

வாசற்படியில் நின்ற அகராதிக்கு அது முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. இடது கையால் பிடிப்பது கிளட்ச்.

"கையப் பிடிச்சுக்கச் சொல்றாம்மா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள், திரும்பாமல். கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள். "இதாடா? இதையா கேக்கறே?"